பையா என்று பேர் வைத்த படம்

ஜூலை இருபது தாண்டினால் ஜெயினுலாப்தீன் பேப்பர் பார்க்க மாட்டார். தாராவியில் அவர் வழக்கமாக டீ குடிக்கிற கடையில் யாராவது பேப்பரை விரித்தால், டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு மழையில் வந்து நின்றுகொள்வார். ஆகஸ்ட் பிறந்தால் சரியாகிவிடுவார். வீட்டில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. மழைக்காலத்தில் தோலில் பூசணம் பிடிக்கும், அவருடைய தோல்பைப் பட்டறையில் தலைக்கு மேல் வேலை இருக்கும், மனுஷன் எங்கே பேப்பர் படிக்கப் போகிறார் என்று மனைவி நஸீரா நினைத்துக்கொண்டிருந்தாள்.

காரணம் வேறு. ஒரு போட்டோ.

அதைப் பார்க்காத ஆள் பம்பாயில் கிடையாது. இரண்டாயிரத்து ஐந்து ஜூலை இருபத்தாறாம் தேதி ஒரே நாள் மழையில் ஊரே முழுகிப்போனதே, அன்றைக்கு எடுத்தது. குர்லா பக்கம் ஒரு ரோட்டில் கூரை மட்டும் வெளியே தெரிகிற பஸ். அதன் பக்கத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் ஒரு ஆள். வலது கை தண்ணீருக்கு மேலே நீண்டிருக்கிறது. விரல்கள் விரிந்திருக்கின்றன. வாய் திறந்திருக்கிறது. பஸ் கூரைமேல் இன்னொரு ஆள் குந்தியிருந்து அவரையே பார்க்கிறார். ஆனால் கை கொடுக்கவில்லை. அவருடைய கைகள் படத்திலேயே இல்லை, முழங்கையோடு படம் முடிந்துவிடுகிறது. கீழே கொட்டை எழுத்தில் ஒரே இந்தி வார்த்தை: ‘பையா!’

அண்ணா, அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டே ஒருவன் போய்ச் சேர்ந்தான், இன்னொருவன் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். இதுதான் அந்தப் படம் ஊருக்குச் சொன்ன கதை.

மறுநாள் பேப்பரில் வந்தது. அப்புறம் வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது, பரிசு வாங்கியது, பள்ளிக்கூடப் பொது அறிவுப் புத்தகத்தில் ஏறியது. சென்னையில் வெள்ளம் வந்தாலும் இந்தப் படம், கேரளாவில் வந்தாலும் இந்தப் படம். செம்பூரில் ஒரு தடவை வடக்கத்திக்காரர்கள் சங்கம் ஒன்று, பையா என்று கூப்பிட்டவர் நம்ம ஊர்க்காரராகத்தான் இருக்கும் என்று போர்டு வைத்து மாலை போட்டது. தண்ணீரில் நின்றவர் பெயர் மரியஅந்தோணி, வள்ளியூர்ப் பக்கத்து ஆள், தாராவியில் வெல்டிங் வேலை பார்த்தவர் என்பதெல்லாம் யாருக்கும் தேவைப்படவில்லை.

கூரைமேல் குந்தியிருந்த ஆள் ஜெயினுலாப்தீன்.

அப்போது வயது நாற்பத்தொன்று. ஒல்லி, தாடி கிடையாது. இப்போது அறுபத்தொன்று, வெள்ளைத் தாடி, தொந்தி. இருபது வருஷமாக ஒருத்தருக்கும் அடையாளம் தெரியவில்லை. அந்த வாரம் நஸீரா மேலப்பாளையத்தில் தம்பி கல்யாணத்துக்குப் போயிருந்தாள். ‘ராத்திரி பூரா ஒரு பஸ்ஸுல மாட்டிக்கிட்டேன்’ என்று மட்டும் போனில் சொன்னார். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

மகள் பரீஹா எட்டாம் வகுப்புப் படிக்கும்போது பேச்சுப் போட்டிக்கு அந்தப் படத்தைத்தான் எடுத்துக்கொண்டாள். இந்தியில் பேச்சு. தலைப்பு, ‘கை கொடு’. ஒரு வாரம் வாப்பா முன்னால் நின்று ஒத்திகை பார்த்தாள். ‘மேலே இருந்தவனே, உனக்கு இரண்டு கை இருந்ததே!’ என்கிற இடத்தில் விரலை நேரே அவரைப் பார்த்து நீட்டுவாள். அவர் கை தட்டுவார். அவளுக்கு முதல் பரிசு கிடைத்தது. கோப்பை இன்னும் டிவி மேல் இருக்கிறது.

இந்த வருஷம் இருபது வருஷம் நிறைவு. அதனால் எல்லோரும் ஜூலை பிறந்ததுமே ஆரம்பித்துவிட்டார்கள். எவனோ ஒரு பையன் கூரைமேல் இருக்கிறவர் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, கம்ப்யூட்டரில் கொடுத்து, இருபது வயசு ஏற்றி, தாடியும் வைத்து, ‘இந்த ஆள் இப்போது எங்கே? கண்டுபிடியுங்கள்’ என்று ரீல் போட்டுவிட்டான். லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள்.

அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்தது அவருடைய அக்கா மகன் அம்மார்.

“மாமு, இங்க பாருங்க! அசல் நீங்களேதான். தாடி கூட அதே கட்டிங்!” என்று போனை மிஷின் மேல் நிறுத்தி வைத்தான். தையல்காரர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். “சேட், தேடி வந்தாங்கன்னா எங்களுக்கு ஒரு நாள் சுட்டியா, லீவா?” என்று ஒருத்தன் கேட்டான்.

ஜெயினுலாப்தீனும் சிரித்துப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பரீஹா மாடியிலிருந்து சாப்பாட்டுக்குக் கூப்பிட இறங்கி வந்தவள் படியிலேயே நின்றுவிட்டாள். தேவ்நாரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவள். எதையும் இரண்டு தடவை பார்ப்பவள். போனைப் பார்த்தாள், வாப்பாவைப் பார்த்தாள், மேலே போனாள்.

சாப்பாடு முடிந்து நஸீரா கையலம்பப் போனதும் கேட்டாள்.

“வாப்பா, சச் சொல்லுங்க. நெசமா அது நீங்களா?”

அவர் தட்டைப் பார்த்தபடியே தலையசைத்தார்.

“அரே... நான் அவ்வளவு பேசினேனே வாப்பா. உங்க முன்னாலயே நின்னு. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“என்னத்தச் சொல்ல? ஊரே ஒண்ணு சொல்லுது. நா ஒருத்தன் வேற சொன்னா நீ நம்புவியா புள்ள?”

“சொல்லிப் பாருங்க.”

சொன்னார். இருபது வருஷமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிப்போன கதை, தட்டாமல் வந்தது.

“அவுரு என்னப் பையான்னு கூப்பிடவே இல்ல. அவுருக்கு இந்தியே நாலு வார்த்ததான் வரும். பைய, பையன்னு சொன்னாரு. நம்ம ஊருப் பைய. மெதுவா எறங்குன்னு. அவுரு மக ஜெஸி, பதிமூணு வயசுப் பொண்ணு, எங்கூடக் கூரையில இருந்துச்சு. அவுரு முன்னால எறங்கி ஆழம் பாத்துட்டு, புள்ளய எறக்கி விடும் பாய்னாரு. நா ரெண்டு மணிக்கட்டையும் புடிச்சுத் தொங்க விட்டேன். ‘பைய, பைய’ன்னு இப்பிடிக் கையக் காட்டுனாரு.” உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, காற்றைத் தட்டிக்கொடுப்பது போலக் காட்டினார். “அந்த நேரத்துலதான் எவனோ போட்டோ புடிச்சிருக்கான். புள்ள படத்துக்கு வெளிய நிக்கி. என் கையும் வெளிய நிக்கி. ரெண்டு கையிலயும் புள்ளயப் புடிச்சிருக்கவன் மூணாவது கைய எங்க போயி வாங்கிட்டு வர?”

பரீஹா தட்டுகளை எடுத்து அடுக்கினாள். பிறகு, “நம்புறேன் வாப்பா” என்றாள். ஆனால் அந்தப் ‘புறேன்’ கொஞ்சம் தேய்ந்து வந்தது. அது அவர் காதில் விழுந்தது. மகளுக்குத் தன்மேல் பிரியம் இருக்கிறது, அதனால் நம்புகிறேன் என்கிறாள். படத்தைத்தான் நம்புகிறாள்.

அன்றைக்குத்தான் அவருக்கு வைராக்கியம் வந்தது. ஊர் எப்படியும் போகட்டும். இவள் ஒருத்தி கண்ணால் பார்க்க வேண்டும்.

“அந்த ஜெஸி இப்ப எங்க வாப்பா?” என்று பரீஹாவே கேட்டாள். அரை மணி நேரத்தில் போனில் கண்டுபிடித்தும் கொடுத்துவிட்டாள். கோபர்கைரனேயில் இருக்கிறாள், பல் ஆஸ்பத்திரி ஒன்றில் ரிசப்ஷனில் வேலை. ஜெயினுலாப்தீன் நம்பரைத் தொட்டு, பேரையும் அந்த பஸ்ஸையும் சொன்னார். மரியஅந்தோணி இறந்த பிறகு அந்த வீட்டுப் பக்கம் அவர் போனதே இல்லை.

“யாரு, பஸ் பாய் மாமாவா?” அந்தப் பக்கம் குரல் உடனே பிடித்துக்கொண்டது. “எங்க மாமா போனீய இத்தன வருசமா? நீங்க புடிச்ச எடத்துல ரெண்டு நாளு தடிச்சுக் கெடந்துச்சு தெரியுமா? எங்கம்மா எண்ணெ போட்டுத் தடவுனா.”

அவர் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். பரீஹா கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஒரு நிமிஷம் அவருக்கு உடம்பே லேசானது.

“சொல்லுங்க மாமா, நா எங்க வந்து பேசணும்? எனக்கும் வயிறெரிச்ச இருக்கு. எங்கப்பா ஒருத்தர்ட்டயும் கை நீட்டி நின்னதில்ல. போஸ்டருக்குப் போஸ்டர் பிச்சக்காரன் மாதிரி ஒட்டி வச்சிருக்கானுவ. என் மவன் பள்ளிக்கூடத்துல தாத்தா ஏன் அழுதாருன்னு கேக்கான்.”

படம் எடுத்தவர் பெயர் பத்ரி. ரிட்டயராகி மாட்டுங்காவில் இருக்கிறார். ஜெஸியே போன் செய்து நேரம் வாங்கினாள். புதன்கிழமை சாயங்காலம் போனார்கள். பரீஹாவுக்குப் பள்ளிக்கூடத்தில் மீட்டிங், வரவில்லை. “ஃபுல் படம் இருந்தா எனக்கு உடனே அனுப்புங்க வாப்பா” என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

பத்ரிக்கு எழுபது இருக்கும். வெள்ளை வேட்டி, காதில் மிஷின். இவர்கள் யார் என்று தெரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

“வாங்கோ, வாங்கோ. இருபது வருஷமா உங்களைத் தேடிண்டிருக்கேன்னு சொன்னா பொய். தேடலை. தேடியிருக்கணும். உக்காருங்கோ.”

ஜெஸி உட்காரவில்லை. “சார், நீங்க வச்ச பேரு தப்பு.”

“பையான்னுதாம்மா கத்தினார். ரெண்டாவது மாடி பால்கனியிலேர்ந்து என் காதால கேட்டேன். அப்போ காது நன்னாவே இருந்தது.”

“பையா இல்ல சார். பைய.”

“அதான் சொல்றேன், பையா.”

“ஐயோ! பைய சார். பைய! நீங்க தமிழ்தான?”

“தமிழ்தாம்மா. தஞ்சாவூர். நாலு தலைமுறையா மாட்டுங்கா.” பத்ரி முழித்தார். “பையன்னா என்ன? பையனா?”

“மெதுவான்னு அர்த்தம். எங்கூர்ல பைய வா, பையப் போன்னு சொல்லுவோம். எங்களக் கூரையில இருந்து எறக்கும்போது பைய எறங்குன்னு சொன்னாரு.”

பத்ரி அந்த வார்த்தையை வாய்க்குள் நாலைந்து தடவை போட்டுப் பார்த்தார். “பைய... பைய... எங்காத்துல மெள்ளன்னு சொல்லுவோம். மெள்ள எறங்கு, மெள்ளப் பேசு. அய்யய்யோ.” நாற்காலியில் உட்கார்ந்தார். “இந்திக்காரன் கேட்டிருந்தாக்கூட, புரியலையேன்னு யாரையாவது கேட்டிருப்பான். எனக்குப் புரிஞ்சுதுன்னு நெனச்சுண்டேன்.”

ஜெஸி கையைக் காட்டினாள். உள்ளங்கை கீழே பார்க்க, காற்றைத் தட்டித் தட்டி. “படத்துல பொறங்கைதான் சார் தெரியும். நல்லாப் பாருங்க. கேக்குறவன் உள்ளங்கைய மேல வச்சுல்லா கேப்பான்?”

பத்ரி பார்க்கவே தேவையில்லை என்பது போலத் தலையை ஆட்டினார்.

அப்போதுதான் ஜெயினுலாப்தீன் வாயைத் திறந்தார். “சார், வெட்டாத படம் இருக்குதா? எனக்கு அதுதான் வேணும். வலது பக்கம் இந்தப் பொண்ணு என் கையில தொங்கிட்டிருக்கும். எம் மகளுக்குக் காட்டணும்.”

“இருக்கும். பேப்பர்லதான் ரெண்டு பக்கமும் வெட்டினா. ரெண்டு மனுஷா மட்டும் இருந்தாத்தான் அடிக்கும்னார் எடிட்டர். நானும் சரின்னேன்.” பத்ரி ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்து கம்ப்யூட்டரில் சொருகினார். அது கரகரவென்று சுற்றியது. “மொத்தம் ஒம்பது எடுத்தேன். பேப்பர்ல போட்டது நாலாவது.”

நாலாவது படம் இடமிருந்து வலமாக மெதுவாகத் திறந்தது.

முதலில் இடது பக்கம். ஒரு காம்பவுண்டுச் சுவர். சுவர்மேல் நாலைந்து பேர். நடுவில் நீல பினஃபோர், முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை.

“ஏ, நானு!” ஜெஸி திரைக்குப் பக்கத்தில் ஓடினாள். “நானும் அப்பாவும் ஒரே படத்துல இருக்கோம்! எங்கிட்ட இப்பிடி ஒரு படமே இல்ல சார்...” விரலால் தொடப்போய், தொடாமல் நிறுத்திக்கொண்டாள்.

பிறகு வலது பக்கம் திறந்தது.

அங்கே யாரும் தொங்கவில்லை. ஜெயினுலாப்தீனின் இரண்டு கைகளும் கூரையில் இருந்த ஒரு இரும்புக் கம்பியைப் பிடித்திருந்தன. பிடித்த பிடியில் விரல்முட்டி வெளுத்துப்போயிருந்தது.

பத்ரி மௌஸிலிருந்து கையை எடுத்தார்.

“அப்ப... என்ன எறக்கி விட்ட பொறவா இது?” என்றாள் ஜெஸி. அவரைப் பார்த்துக் கேட்கவில்லை. படத்தைப் பார்த்தே கேட்டாள். “என்னச் செவத்துல ஏத்திட்டு, அப்பா திரும்பி வந்திருக்காக. நா பயத்துல கண்ண மூடிட்டே இருந்தேன். அப்ப இந்தப் பைய எனக்குச் சொன்னதில்ல.”

ஜெயினுலாப்தீன் திரையில் இருந்த தன் கைகளையே பார்த்தார். பொய் சொன்னதாக அவர் நினைக்கவில்லை. பிள்ளையை இறக்கியது நிஜம். மணிக்கட்டைப் பிடித்ததும் நிஜம். அந்தப் படம் வந்த நாளிலிருந்து அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி, பதிலே நினைவாகிவிட்டது. அதற்குப் பிறகு நடந்தது எங்கோ அடியில் போய் உட்கார்ந்திருந்தது. இப்போது எல்லாம் வரிசையாக மேலே வந்தது. மரியஅந்தோணி திரும்பி வந்து நின்றார். மழையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ‘பாய், பைய எறங்கும். நா புடிச்சிக்கிடுதேன். தரை தட்டுது. பைய, பைய.’ எத்தனை தடவை சொன்னார்? கால் அசையவில்லை. கம்பியை விடக் கை கேட்கவில்லை. ‘நீந்தத் தெரியாது அண்ணாச்சி’ என்றார் இவர். ‘நீந்தவா சொன்னேன், நடக்கத்தான சொன்னேன்’ என்று சிரித்தார் அந்த மனுஷன்.

“சார், மத்ததையும் காட்டுங்க” என்றாள் ஜெஸி.

“வேண்டாமே...”

“காட்டுங்க சார்.”

ஒவ்வொன்றாகத் திறந்தார். ஒன்றாவது படத்தில் கை நீண்டிருக்கிறது. இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. கை கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே, ஒரு படத்தில் கிட்டத்தட்ட இவர் கால் வரைக்கும். ஆறாவதில் அவர் சுவர்ப் பக்கம் திரும்பி மகளைப் பார்க்கிறார். ஏழு, எட்டு, மறுபடி கை. கூரைமேல் இருக்கிறவர் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி, அச்சில் வார்த்தது போல. ஒன்பதாவதில் சுவரும், பஸ்ஸும், தண்ணீரும், கூரைமேல் இருக்கிறவரும் மட்டும்.

படத்தின் ஓரத்தில் மணி பதிந்திருந்தது. ஜெஸி முன்னும் பின்னும் போய்ப் பார்த்தாள்.

“நாலு நிமிசம்” என்றாள்.

பத்ரி எழுந்து போய் இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ஒருவரும் தொடவில்லை.

கடைசியில் ஜெஸிதான் பேசினாள். “அந்த நாலாவதப் போடுங்க சார், வெட்டாம. பேர மாத்திப் போடுங்க. எங்கப்பா கேக்கல, குடுத்தாருன்னு தெரியட்டும். மத்தது வேண்டாம்.”

பத்ரி ஜெயினுலாப்தீனைப் பார்த்தார். “உங்களுக்கு...?”

“அந்தப் புள்ள சொல்லுத மாதிரி செய்யுங்க” என்றார் அவர்.

ஸ்டேஷன் வரைக்கும் சேர்ந்துதான் நடந்தார்கள். பிளாட்பாரத்தில் சாயங்காலக் கூட்டம். அவள் வண்டி வருகிற சத்தம் கேட்டது. ஜெயினுலாப்தீன் கூட்டத்தை விலக்கி அவளுக்கு வழி விட்டார். மன்னிச்சிரு என்கிற வார்த்தை அந்த இடத்துக்குச் சின்னதாக இருந்தது.

“நீங்க வேணும்னு செய்யல மாமா. அது எனக்குத் தெரியும்.” அவள் கைப்பையை மாற்றி மாட்டிக்கொண்டாள். “பயந்துட்டீய. நானும் அன்னிக்கு ட்ரெஸ்ஸுல... சரி விடுங்க. ஆனா கொஞ்ச நாளைக்கு போன் பண்ணாதீங்க. நானாக் கூப்பிடுதேன்.”

லேடீஸ் டப்பாவில் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் பத்ரி வெட்டாத படத்தைத் தன் இணையப் பக்கத்தில் போட்டார். நேர்மையான மனுஷன். தான் தப்பாகக் கேட்டதை, தமிழனாக இருந்தும் ஒரு தமிழ் வார்த்தை தெரியாமல் போனதை, எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதினார். மரியஅந்தோணி பெயரை எழுதினார். மற்றவர்களை இறக்கிவிட வந்து நின்றவர் அவர் என்று எழுதினார். கூரைமேல் இருந்தவரைப் பற்றி மட்டும் ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டார்: அவரும் வெள்ளத்தில் சிக்கிய ஒருவர்.

ஊர் மனசு மாறிவிடும் என்று ஜெயினுலாப்தீன் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இப்படி ஆகும் என்றும் நினைக்கவில்லை. வெட்டாத படத்தை யாருமே நம்பவில்லை. ஏஐ-யில் செய்தது என்று முதல் கமெண்ட் வந்தது. அப்புறம் எல்லாம் அதுதான். அந்தப் பெண்ணின் பினஃபோர் அவ்வளவு மழையில் எப்படி இவ்வளவு நீலமாக இருக்கும் என்றான் ஒருவன். சுவர் நிழல் தப்பாக விழுகிறது என்றான் இன்னொருவன். நிஜப் படம் என் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிறது, எனக்குத் தெரியாதா என்றாள் ஒருத்தி. கிழவருக்கு வயசாகிவிட்டது, விட்டுவிடுங்கள் என்று சிலர் பத்ரிக்காக இரக்கப்பட்டார்கள். டிவிக்காரர்கள் அதை எடுத்துப் போட்டார்கள். தலைப்பு என்ன தெரியுமா? ‘பையா படத்தின் ரகசியம்’.

கம்ப்யூட்டரில் செய்த தாடிக்கார முகத்தை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

நம்பியது பரீஹா ஒருத்திதான். அவர் எதற்காக மாட்டுங்கா போனாரோ, அது நடந்துவிட்டது. ஆனால் அவள் நம்பிய விதம் வேறாக இருந்தது.

“பாத்தீங்களா உம்மா, ஜெஸி அக்கா சேஃபா செவத்துல உக்காந்திருக்காங்க! மத்லப், அப்படின்னா வாப்பா எறக்கி விட்டாச்சு. அப்புறம் எடுத்த போட்டோ. கை ஃப்ரீயாத்தானே இருக்கும்?” நஸீராவுக்கு விஷயமே அன்றைக்குத்தான் தெரியும். அவள் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, “இந்த மனுசன் எவ்வளவு எளச்சிருந்திருக்காரு” என்று மட்டும் சொன்னாள். பரீஹா தன் பக்கத்தில் அந்தப் படத்தைப் போட்டு, ‘என் வாப்பா ஒரு குழந்தையைக் காப்பாற்றியவர்’ என்று எழுதினாள். முப்பத்திரண்டு பேர் பொய் என்றார்கள். ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து பதில் எழுதினாள்.

ஜெயினுலாப்தீன் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாய் வரவில்லை. பிள்ளை இவ்வளவு நாள் கழித்து மனசோடு நம்புகிறாள். அதைப் போய் எப்படிக் கலைப்பது?

இருபத்தைந்தாம் தேதி சாயங்காலம் பரீஹா ஒரு கட்டுத் தாளோடு வந்தாள். பள்ளிக்கூடத்தில் வெள்ளத்தின் இருபதாம் ஆண்டுக்கு ஓவியப் போட்டி. ஹெட்மிஸ்ட்ரஸ் வேறெந்தப் படத்தைக் கொடுப்பார்? பார்த்து அப்படியே வரைய வேண்டும் என்று சர்க்குலர். மார்க் போட வேண்டியது பரீஹா. நாற்பது தாளையும் ஹாலில் தரையில் பரப்பினாள். நாற்பது பஸ், நாற்பது கூரை, நாற்பது ஜெயினுலாப்தீன். சிலதில் மீசையோடு, சிலதில் வில்லன் மாதிரி சிவப்புக் கண்ணோடு.

“வாப்பா, இங்க வாங்க! இத மட்டும் பாருங்க.”

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வரைந்தது. அதில் கூரைமேல் இருக்கிறவர் குப்புறப் படுத்திருந்தார். அவர் கை ரப்பர் மாதிரி நீளமாக இறங்கி, தண்ணீரில் இருக்கிறவர் கையைப் பிடித்திருந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

“இதுக்குத்தான் ஃபர்ஸ்ட். போட்டோ மாதிரி இல்லேன்னு மேடம் கத்துவாங்க. கத்தட்டும்.” பரீஹா சிவப்புப் பேனாவைத் திறந்தாள்.

“அதுக்கு மார்க்கக் கொறச்சிரு புள்ள.”

“ஏன்?”

“அதுல நீட்டுனது நா இல்ல.”

“குழந்தை வாப்பா, கற்பனையா வரைஞ்சிருக்கு...”

“கைய நீட்டுனவரு அவுரு. பொண்ண எறக்கிட்டு எனக்காவத் திரும்பி வந்தாரு. நாலு நிமிசம் அந்தத் தண்ணிக்குள்ள கைய நீட்டிக்கிட்டு, பைய எறங்கும், பைய எறங்கும்னு நின்னாரு. நா கம்பிய விடல. அவுரு கையப் புடிக்கல. பொறவு ஒரு அலை மாதிரி வந்துச்சு.” அவர் நிறுத்தினார். “நா எறங்கியிருந்தா அவுரு செவத்துக்குப் போயிருப்பாரு.”

பேனா திறந்தபடியே பரீஹாவின் கையில் இருந்தது. அதன் முனையிலிருந்து ஒரு சிவப்புப் புள்ளி தாளில் விழுந்து பரவியது. அடுப்படியில் நஸீராவின் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது.

அவர் இன்னும் ஏதோ சொல்ல நினைத்தார். மேலே இருந்து பார்த்தபோது அந்த மனுஷன் முகம் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. எவ்வளவு யோசித்தும் அந்த முகம் நினைவுக்கு வரவில்லை. வந்ததெல்லாம் போட்டோவில் இருக்கிறபடிதான் வந்தது. எதிர்த்த பால்கனியிலிருந்து, பக்கவாட்டில், குந்தியிருக்கிற தானும் சேர்ந்து.

“பரீஹா” என்றார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த நாற்பது தாள்களில், கூரைமேல் இருந்த ஆளையே ஒன்று மாற்றி ஒன்று பார்த்துக்கொண்டிருந்தாள்.